முதல் வீட்டுத் தண்ணீர்

அடுத்த மாதம் முதல் இந்த லேப்பில் நான் இல்லை. அலமாரிச் சாவிகள், ரசாயனங்களின் இருப்பு, எந்தக் கருவி எப்போது மக்கர் செய்யும், யாரைக் கூப்பிட்டால் வருவார் என்று எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதி மேசை மேல் வைத்துவிட்டேன். நாற்பத்தோரு குறிப்புகள். அவற்றில் எதற்குக் கீழேயும் சேராத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன். படித்துவிட்டு, "அமுதா அக்கா ரொம்பத்தான் சலிச்சுக்கறாங்க" என்று என் இடத்துக்கு வந்திருக்கிற நீங்கள் இருவரும் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள். 2004-இல் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு வருஷம் ஆகிறது. சலித்துக்கொள்ளும் தகுதி வந்துவிட்டது.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று சிதம்பரத்தில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால், நான் புளியங்கொட்டையை வைத்துத்தான் சொல்வேன். ஈரக் களிமண்ணில் ஒரு புளியங்கொட்டையை அழுத்தி, மண் காய்ந்ததும் கொட்டையைப் பெயர்த்து எடுத்துவிடுகிறோம். குழி மட்டும் நிற்கும். அந்தக் குழியில் இன்னொரு புளியங்கொட்டைதான் சரியாக உட்காரும், வேப்பங்கொட்டை உட்காராது. களிமண்ணுக்குப் பதில் நம்மிடம் பாலிமர் படலம். அதைப் பென்சில் குச்சியின் நுனியில் வளர்க்கிறோம். கொட்டைக்குப் பதில், தண்ணீரில் நாம் தேடுகிற மாசின் மூலக்கூறு. அதைச் சேர்த்தே படலத்தை வளர்த்துவிட்டு, பிறகு கழுவி வெளியே எடுக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் அதே மாசு இருந்தால் குழிகளில் வந்து உட்காரும், லேப்டாப் திரையில் ஒரு சிகரம் எழும். மாசு எவ்வளவோ அவ்வளவு உயரம்.

இதில் "கழுவி வெளியே எடுக்கிறோம்" என்று ஒரு சொல் வருகிறது பாருங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதற்கு அரை வரிதான் கொடுப்பார்கள். என் எட்டு வருஷத் தலைவலியில் முக்கால்வாசி அந்த அரை வரிக்குள் இருக்கிறது.

அப்போது நாங்கள் தேடியது தொழிற்சாலைக் கழிவில் வருகிற நைட்ரோஃபீனால் என்ற மாசு. நாங்கள் என்றால் நானும் ஜாபரும். ஜாபர் லால்பேட்டைக்காரர், எனக்கு ஒரு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தவர். தினமும் பஸ்ஸில் வந்து போவார், ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம் வரை தூங்குவார், லேப்புக்கு வந்ததும் எல்லாரையும் கிண்டல் செய்வார். எங்கள் இருவருக்கும் மேலே சார். சாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

படலத்தைக் கழுவ முழுசாக இரண்டு நாள் வேண்டும். பணம் கொடுக்கிற இடத்திலிருந்து திட்டத்தைப் பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கடிதம் வந்ததும் அது ஒரு நாளாயிற்று, அப்புறம் அரை நாளாயிற்று. நான் போய்ச் சொன்னேன்.

"சார், இவ்ளோ சீக்கிரமா கழுவினா உள்ள மிச்சம் இருக்கும்."

"வெறும் தண்ணியில பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எதாவது காட்டுதா?"

"ரொம்பக் கொஞ்சம்."

"அத ரீடிங்குலேர்ந்து கழிச்சிடும்மா. கழிச்சா போச்சு."

கழித்தேன். வெறும் தண்ணீரில் பார்த்ததும் கழித்ததும் ஏ.சி. ஓடுகிற அறையில். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2008 கோடையில் கடலூருக்குப் போனோம். தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் ஒரு ஊர், அதில் ஒரு நீளமான தெரு, நாங்கள் எடுத்துக்கொண்டது அதில் ஆறு வீடு, ஆறிலும் போர்வெல். முதல் வீட்டுக்குப் பின்னாலேயே தொழிற்சாலை மதில். கடைசி வீடு முக்கால் கிலோமீட்டர் தள்ளி. பஸ் மதில் பக்கம் இறக்கிவிட்டதால் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். அது சகுந்தலா அக்கா வீடு. அவர் இட்லி மாவு அரைத்து விற்பவர். முன்கட்டில் இரண்டு கிரைண்டர். கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவருக்குத் தெரியும். அந்தத் தெருவும் பக்கத்து மூன்று தெருவும் அவரிடம்தான் மாவு வாங்கின. அந்த வீட்டு அடுப்பு அந்த மாவை வைத்துத்தான் எரிந்தது. ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நாங்கள் கேட்காமலே மோர் கொடுத்தார்.

அவர் வீட்டுத் தண்ணீரில் சிகரம் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. இரண்டாம் வீட்டில் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். ஆறாவது வீட்டில் ஏறக்குறையத் தரை. மதிலை விட்டு விலக விலக மாசு குறைகிறது. பாடப்புத்தகத்தில் படம் போடுவார்களே, அப்படி இறங்கியது.

ஆறாவது வீடு வளர்மதியுடையது. திரையை எட்டிப் பார்த்து அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்த மொதல்ல இருக்கறது மட்டும் இன்னா அவ்ளோ ஒசரம்?"

அன்று வெயில் கொளுத்தியது. எங்களுக்குப் பசி. ஜாபர் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அது மொத வூட்டுத் தண்ணி. அதுலதான் ஜாஸ்தியா காட்டுது."

இவ்வளவுதான் சொன்னேன். பதினைந்து விநாடிகூட இருக்காது. முடிவை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி என் மேசைக்கு மேலே நானே ஒட்டியிருந்தேன். அதில் மூன்றாவது குறிப்பு, களத்தில் யாரிடமும் சொல்லாதே என்பது.

சாருக்கு அந்த கிராஃப் மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிதாக பிரிண்ட் எடுத்து அறையில் மாட்டினார். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தினார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம், அதே முடிவு திரும்ப வருகிறதா என்று பார்க்க. அன்று குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போய்த் தெருவின் அந்தக் கோடியில் இறக்கிவிட்டது. வெயிலில் மறுகோடிவரை நடந்துவிட்டுத் திரும்ப வருவானேன் என்று வளர்மதி வீட்டிலிருந்தே ஆரம்பித்தோம்.

வளர்மதி வீட்டுத் தண்ணீரில் சிகரம் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

ஜாபர் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பாதி மூடினேன். ஐந்தாவது வீட்டில் இறங்கியது. நான்காவதில் இன்னும். கடைசியாக சகுந்தலா அக்கா வீடு. ஏறக்குறையத் தரை.

அதைவிட மோசம், அந்த வீட்டில் நான் பார்த்தது. இரண்டு கிரைண்டரையும் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். ஸ்டூல் வரவில்லை.

"யாரும் வாங்கறதில்லம்மா," என்றார். "வெஷத் தண்ணில அரைக்கறேனாம். நீதான் சொன்னியாமே."

"நான் விஷம்னு சொல்லலக்கா."

"ஜாஸ்தின்னு சொன்னியா இல்லியா?"

சொன்னேன்.

சிதம்பரம் திரும்பியதும் சாரிடம் இரண்டு கிராஃபையும் வைத்தேன். அவர் சொன்ன விளக்கங்களை அன்றே வரிசையாக எழுதி வைத்தேன். ஒன்று, நிலத்தடி நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அது போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. இரண்டு, பாட்டில்கள் மாறியிருக்கும். மூன்று, வெயிலில் உன் கை நடுங்கியிருக்கும். நான்காவதாக அவர் ஒன்று சொன்னார், கேட்ட ஆத்திரத்தில் எழுத மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏ.சி.யை அணைத்தேன், ஃபேனையும் அணைத்தேன். அறை கடலூர்த் தெரு அளவுக்குச் சூடாகும்வரை காத்திருந்தேன். அதே கழுவலில் தயாரான இன்னொரு குச்சியை எடுத்து, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில், ஆறு வீடு என்று நினைத்துக்கொண்டு ஆறு தடவை பார்த்தேன். முதல் தடவை விளிம்பைத் தொட்டது, இரண்டாம் தடவை இறங்கியது, ஆறாவதில் தரை. சார் அறையில் மாட்டியிருந்த அதே படம். இதில் ஊரும் இல்லை, மதிலும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அரைகுறையாகக் கழுவியதில், நாங்களே உள்ளே வைத்த நைட்ரோஃபீனால் படலத்திலேயே மிச்சம் இருந்தது. குளிர்ந்த அறையில் அது அசையாமல் கிடந்தது, வெயில் பட்டதும் கசிந்து வந்தது. ஒரே குச்சியை ஆறு வீட்டிலும் நனைத்ததால், எந்த வீட்டில் முதலில் நனைக்கிறோமோ அந்த வீட்டுக்கு அத்தனையும் போய்ச் சேர்ந்தது. சகுந்தலா அக்கா தண்ணீரில் இருந்தது எங்கள் லேப்பிலிருந்து பஸ்ஸில் நாங்கள் கொண்டுபோனது.

இப்போது நான் செய்த அடுத்த தவறு. முதல் தவறை எல்லாரும் செய்வார்கள், இதை என்னைப் போல ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் செய்வார்கள். வேறு முறையில் பார்க்கிற ஒரு லேப்புக்கு, சென்னைக்கு, சகுந்தலா அக்கா வீட்டுத் தண்ணீரை அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தேன். கையில் காகிதம் இல்லாமல் போய்ப் பேசக் கூடாது என்பது என் நியாயம். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் இரண்டு கிரைண்டர் சாக்குக்கு அடியில் கிடந்தன. "இல்லை" என்று சொல்லத்தான் ரிப்போர்ட் வேண்டும். "நான் சொன்னதை நம்பாதீங்க" என்று சொல்ல ஒரு பஸ் டிக்கெட் போதும். அன்று எனக்கு இது தோன்றவில்லை.

ரிப்போர்ட் வந்தது. நைட்ரோஃபீனால் இல்லை.

"நல்லதாப் போச்சு," என்றார் சார். "பார்வையிட வரவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் அந்த ஊருக்கு ஒரு லெட்டர் போட்டுடலாம்."

"அவுங்க எப்ப சார் வராங்க?"

"அடுத்த மாசம் இல்லன்னா அதுக்கடுத்த மாசம்."

சனிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் ஜாபரும் போனோம். அரைகுறையாகக் கழுவிய பழைய குச்சிகளில் ஒன்றை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன். சகுந்தலா அக்கா வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நாங்கள் சொன்னது தவறு, இந்தத் தண்ணீரில் அந்த மாசு இல்லை என்றேன். சென்னை ரிப்போர்ட்டை நீட்டினேன். யாரும் கையில் வாங்கவில்லை.

"போன தபா இருக்குதுன்ன," என்றார் வளர்மதி. "இப்ப இல்லங்கற. நடுவுல கம்பெனிக்காரன் கார் அனுப்பிச்சானா?"

"கார் அனுப்பியிருந்தா நாங்க ஏன்க்கா பஸ்ல ஆலப்பாக்கத்துலேர்ந்து ஒத்தக் கால்ல நின்னுகினு வரோம்?" என்றார் ஜாபர்.

இரண்டு பேர் சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துக் காற்றை மூக்கில் வாங்கிக்கொண்டு வாழ்கிறவர்களிடம் வந்து "ஒன்றும் இல்லை" என்று சொல்பவரைச் சந்தேகப்படத்தான் வேண்டும். நான் அந்தத் தெருவில் இருந்திருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். முதலில் வாய்விட்டது நான், இப்போது உண்மையைச் சொல்லும்போது விலைபோனவள் மாதிரி நிற்பதும் நான். இதில் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"சரிக்கா," என்றேன். "நீங்களே ஒரு தண்ணி கொண்டாங்க. உங்களுக்கு எது நல்ல தண்ணின்னு தோணுதோ அது."

வளர்மதி யோசித்தார். தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவர அவர் தயாரில்லை. கடைக்குப் போய்த் தண்ணீர் பாக்கெட் இரண்டு வாங்கி வந்தார். நான் அதைத் தொடக்கூட அவர் விடவில்லை. தானே பல்லால் கடித்துக் கிழித்து டம்ளரில் ஊற்றினார்.

குச்சியை நனைத்தேன். சிகரம் விளிம்பைத் தொட்டது. லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"அய்ய, பாக்கெட் தண்ணியிலயா," என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

அடுத்து சகுந்தலா அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீர். பாதி உயரம். அடுத்து வளர்மதி வாங்கிய இரண்டாவது பாக்கெட். அதைவிடக் குறைவு.

"ரெண்டும் ஒரே கம்பெனி பாக்கெட்டுதானே," என்றார் வளர்மதி. "ஒண்ணுல மல மாதிரி காட்டுது, ஒண்ணுல மேடு மாதிரி காட்டுது."

"அதாங்க்கா. எது மொதல்ல வருதோ அது மாட்டிக்கும். அன்னிக்கு இவுங்க வூடு மொதல்ல வந்துச்சு."

"அப்ப மிஷினு பொய் சொல்லுது."

"மிஷின் சொல்லல. நாங்கதான் சரியா கழுவல."

இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேலை நடந்தது. எட்டுப் பேர் முகத்திலும் விஷயம் புரிந்தது தெரிந்தது. என் கருவி உண்மை சொல்கிறது என்று காட்ட நான் வருஷக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறேன். அது எப்படிப் பொய் சொல்லும் என்று மூன்று டம்ளரில் காட்டிய அன்றுதான் முதன்முதலாக ஒரு ஊர் என்னை நம்பியது. இதோடு நிறுத்திவிட்டு பஸ் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும்.

சகுந்தலா அக்கா கேட்டார்: "அப்ப என் தண்ணி நல்ல தண்ணிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாங்க தேடினது அதுல இல்லக்கா."

"அது சரி. நல்ல தண்ணிதானே?"

"நாங்க ஒண்ணே ஒண்ணுதான் தேடினோம். மெட்ராஸ்லயும் அத மட்டுந்தான் பாத்தாங்க. வேற எதுவும் பாக்கல. பாக்காம எப்படி நல்லதுன்னு சொல்றது?"

"ஏம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஜாஸ்தின்னு சொல்ல ஒனக்கு ஒரு நிமிசம் ஆவல. இத்தினி பேரு நிக்கறாங்க. நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

உங்களுக்கும் இந்த இடம் வரும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள், நான் தேடிப் பார்த்துவிட்டேன். எதிரே நிற்பவர் என்னால் தொழில் இழந்தவர். ஒரு சொல் சொன்னால் நாளைக்கே கிரைண்டர் ஓடும். அந்தச் சொல் உண்மையாகவே இருக்கவும் கூடும். புளியங்கொட்டைக் குழி வைத்திருக்கிற நான் வேப்பங்கொட்டை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஏற்கெனவே ஒரு தடவை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன்.

சகுந்தலா அக்கா என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வளர்மதிதான் பேசினார்.

"இதுங்களுக்கே ஒண்ணும் தெரியல. இதுங்க பேச்சக் கேட்டுகினு ரெண்டு மாசமா கடையில வாங்கின மாவுல இட்லி சுட்டு, அது கல்லு மாதிரி வருது. சகுந்தலா, நாளைக்கி எனக்கு ஒரு கிலோ வையி."

"எனக்கும் அரக் கிலோ," என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. நாங்கள் இரண்டு மாதத்தில் கெடுத்ததை அவர்கள் இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துகொண்டார்கள், அதுவும் தப்பான காரணத்துக்காக. எங்களுக்குத் தெரியாது என்பதால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜாபர் லேப்டாப் பையை என் கையில் திணித்தார். "வா அமுதா. போதும்," என்றார். அவர் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சகுந்தலா அக்கா அதற்குள் அரிசியை அளந்து குண்டானில் கொட்டியிருந்தார். குழாயைத் திறந்து அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு பாட்டில் தண்ணி குடுங்க. மத்ததும் என்னென்ன இருக்குதுன்னு முழுசா பாத்துச் சொல்லச் சொல்றேன். இந்தத் தடவ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

அவர் அரிசியைக் கையால் அலசினார். கழுநீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி குழாயடியில் வைத்தார்.

"நல்லதுன்னு வந்தா யாரும் நம்பப் போறதில்ல. கெட்டதுன்னு வந்தா எல்லாரும் நம்புவாங்க. கெட்டதுன்னா எனக்கு வேற தண்ணி நீ குடுப்பியா?"

காலி பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சார் அந்த கிராஃபைச் சுவரிலிருந்து எடுத்தார். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. கழுவுவது மறுபடி இரண்டு நாளாயிற்று. வெறும் தண்ணீரை வெயிலில் வைத்துப் பார்ப்பது, ஒவ்வொரு வீட்டுக்கும் புதுக்குச்சி எடுப்பது, வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை மாற்றுவது என்று எல்லாம் வழக்கத்துக்கு வந்தது. மேசை மேல் இருக்கிற குறிப்புகளில் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை அவைதான். அவற்றை யாரும் கடைப்பிடிக்கலாம், சிரமமே இல்லை.

சகுந்தலா அக்கா கேட்டதற்கு மட்டும் குறிப்பு எழுத எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் உங்கள் இருவரையும் கடலூர்ப் பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கெட்டதென்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பஸ் ஏறுவதற்கு முன்பே சாரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியையும் கழிச்சிடும்மா என்பார், கழிக்காதீர்கள். அதற்கு ஒரு பதில் கைக்கு வரும்வரை யார் வீட்டுக் குழாயையும் திறக்காதீர்கள்.